பெஞ்சமின் எலைஜா மேஸ்

பெஞ்சமின் எலைஜா மேஸ் (1 ஆகஸ்ட் 1894 – 28 மார்ச் 1984) அமெரிக்கக் கல்வியாளர், பாப்திஸ்து சபைப் போதகர், திருச்சபைத் தலைவர். ஜார்ஜியா மாநிலத்தின் அட்லாண்டா நகரில் கறுப்பின இளைஞர்களுக்கென நடந்துவரும் மோர்ஹவுஸ் கல்லூரிக்கு 1940 முதல் 1967 வரை தலைவராக இருந்தார். கறுப்பினத்தவரின் குடியுரிமைப் போராட்டத் தலைவர் மார்ட்டின் லூதர் கிங் அங்கே அவரிடம் உருவான மாணவர். எந்த மனிதனும் இன்னொரு மனிதனுக்கு முன் தலைகுனிந்து நிற்கக் கூடாது என்பதே மேஸ் தம் வாழ்நாள் முழுவதும் வகுப்பறையிலும் பிரசங்க பீடத்திலும் நடத்திய பாடம்.

பிறப்பும் இளமையும்

தெற்கு கரோலினா மாநிலத்தில், நைன்டி சிக்ஸ் என்னும் சிற்றூரை ஒட்டிய பருத்திக் காட்டுப் பகுதியில் மேஸ் பிறந்தார். தந்தை ஹெசெக்கியா, தாய் லூவினியா இருவரும் அடிமைகளாகப் பிறந்து, உள்நாட்டுப் போருக்குப் பின் விடுதலை பெற்றவர்கள். குத்தகை நிலத்தில் பருத்தி பயிரிட்டுப் பிழைத்த அக்குடும்பத்தின் எட்டுப் பிள்ளைகளில் மேஸ் கடைக்குட்டி. தாய்க்கு எழுதப் படிக்கத் தெரியாது. பள்ளியில் சேரும் முன்பே அவருக்கு எழுத்தும் எண்ணும் சொல்லிக் கொடுத்தவர் மூத்த சகோதரி சூசி.

மேஸின் நினைவில் பதிந்த முதல் காட்சி 1898 நவம்பரில் நடந்தது. அந்த மாதம் ஃபீனிக்ஸ் என்ற பக்கத்து ஊரில், கறுப்பினத்தவரின் வாக்குரிமை தொடர்பாக மூண்ட கலவரத்தில் பலர் கொல்லப்பட்டனர். துப்பாக்கி ஏந்திய வெள்ளையர் கும்பல் ஒன்று குதிரைகளில் வந்து ஹெசெக்கியாவை மறித்தது. தொப்பியைக் கழற்றச் சொல்லி, சலாம் வைக்கச் சொல்லி, மீண்டும் மீண்டும் குனிந்து வணங்கச் செய்தபின் போய்விட்டது. பக்கத்தில் அழுதுகொண்டு நின்ற நான்கு வயதுச் சிறுவன் மேஸ். எழுபது வயது கடந்து தன்வரலாறு எழுதியபோதும் இந்தக் காட்சியிலிருந்துதான் அவர் தொடங்கினார்.

கல்வி

அக்காலத்தில் அப்பகுதியின் கறுப்பினப் பிள்ளைகளுக்குப் பள்ளி ஆண்டில் நான்கு மாதம் மட்டுமே நடக்கும். மற்ற மாதங்கள் பருத்திக் காட்டு வேலைக்கு. பத்தொன்பது வயது வரை மேஸுக்கு அதற்கு மேல் படிக்க வாய்க்கவில்லை. படிப்பு கூடினால் பையன் நிலத்தை மறந்துவிடுவான் என்பது தந்தையின் அச்சம். அவர் சொல்லை மீறி ஆரஞ்ச்பர்க் நகரப் பள்ளியில் முழு ஆண்டும் தங்கிப் படித்தார் மேஸ். செலவுக்காக இரவு நேரத்தில் கழிப்பிடங்களைச் சுத்தம் செய்தார். 1916இல் வகுப்பின் முதல் மாணவராகத் தேறியபோது அவருக்கு வயது இருபத்தொன்று.

வெள்ளை மாணவர்களோடு போட்டியிட்டுத் தம்மை அளந்து பார்க்க விரும்பி, வடகிழக்கு மூலையில் உள்ள மெய்ன் மாநிலத்தின் பேட்ஸ் கல்லூரியில் சேர்ந்தார். கோடை விடுமுறைகளில் ரயிலின் படுக்கைப் பெட்டிகளில் பணியாளராக வேலை பார்த்துப் பணம் சேர்த்தார். 1920இல் சிறப்புத் தகுதியுடன் பட்டம் பெற்றார். சிக்காகோ பல்கலைக்கழகத்தில் 1925இல் முதுகலைப் பட்டமும் 1935இல் முனைவர் பட்டமும் பெற்றார். இடையில் 1921 முதல் மூன்றாண்டுகள் மோர்ஹவுஸில் கணிதம் கற்பித்தார். அதே காலத்தில் அட்லாண்டாவின் ஷைலோ பாப்திஸ்து சபைக்குப் போதகராகவும் இருந்தார். ஆசிரியப் பணியும் சபைப் பணியும் அப்போதிருந்தே அவரிடம் பிரியாமல் சேர்ந்துகொண்டன.

சபைகளைக் குறித்த ஆய்வு

1930களின் தொடக்கத்தில் ஜோசப் நிக்கல்சனுடன் சேர்ந்து கறுப்பினத் திருச்சபைகளை நேரில் சென்று ஆராய்ந்தார். 12 நகரங்களில் 609 சபைகள், நாட்டுப்புறத்தில் 185 சபைகள் இந்த ஆய்வில் அடங்கின. 1933இல் இது நூலாக வெளிவந்தது. தேவைக்கு மேல் பெருகிய சபைகள், கடனில் மூழ்கிய கட்டடங்கள், போதிய படிப்பில்லாத போதகர்கள், மறுவுலகையே பேசி இவ்வுலகின் துன்பத்தைத் தொடாத பிரசங்கங்கள் ஆகிய குறைகளை நூல் மறைக்காமல் சொன்னது. கறுப்பினத்தவர் தம் சொந்தக் காசில் கட்டித் தாமே நடத்தும் இடம் சபைதான் என்பதையும், வாரம் முழுவதும் பிறரிடம் கைகட்டி நிற்பவர் ஞாயிற்றுக்கிழமை தலைநிமிர்ந்து உட்காரும் இடம் அது என்பதையும் அதே அழுத்தத்துடன் பதிவு செய்தது.

படித்த போதகர்களை உருவாக்கும் வாய்ப்பு அடுத்த ஆண்டே வந்தது. 1934இல் வாஷிங்டன் நகரின் ஹோவர்டு பல்கலைக்கழகச் சமயவியல் பள்ளிக்குத் தலைவரானார். ஆறாண்டுகளில் நூலகத்தையும் ஆசிரியர் தரத்தையும் உயர்த்தி, அப்பள்ளிக்கு நாடளவிலான அங்கீகாரம் பெற்றுத் தந்தார்.

இந்தியப் பயணம்

ஒய்.எம்.சி.ஏ.யின் உலக மாநாடு 1937 ஜனவரியில் மைசூரில் நடந்தது. அதற்கு வந்த மேஸ், முன்னதாக 1936 டிசம்பர் 31 அன்று வார்தா அருகே காந்தியைச் சந்தித்து ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம் உரையாடினார். அகிம்சையைச் சிறு கூட்டம் மட்டுமல்லாமல் பெருந்திரளான மக்களும் கைக்கொள்ள முடியுமா என்பதும், தீண்டாமையை எதிர்ப்பவர் சாதி அமைப்பையே ஏன் எதிர்க்கவில்லை என்பதும் அவர் எழுப்பிய கேள்விகளில் அடங்கும்.

மைசூர் பக்கத்தில், தீண்டப்படாதோர் எனப்பட்ட மக்களின் பிள்ளைகள் படித்த பள்ளிக்கு அதன் தலைமையாசிரியர் மேஸைப் பேச அழைத்தார். அமெரிக்காவில் தீண்டப்படாதவராகப் பிறந்து, உயர்ந்த நிலைக்கு வந்தவர் என்று மாணவர்களிடம் அவரை அறிமுகப்படுத்தினார். மேஸுக்கு முதலில் அதிர்ச்சி, பிறகு கோபம். முனைவர் பட்டம் பெற்ற தம்மையா இப்படிச் சொல்வது என்று தோன்றியது. சற்று யோசித்ததும் தலைமையாசிரியர் சொன்னது உண்மை என்று உணர்ந்தார். தம் சொந்த நாட்டில் அவர் எல்லா உணவகங்களிலும் சாப்பிட முடியாது. எல்லா விடுதிகளிலும் தங்க முடியாது. பிறப்பே அதற்குக் காரணம். இந்த அனுபவத்தைத் தன்வரலாற்றில் ஒளிக்காமல் எழுதினார். அமெரிக்க நிறவெறியும் இந்தியச் சாதியும் ஒரே நோயின் இரு முகங்கள் என்பதை ஒரு கிராமத்துப் பள்ளியில் அவர் கற்றுக்கொண்டார்.

மோர்ஹவுஸ் கல்லூரி

1867இல் ஜார்ஜியாவின் ஆகஸ்டா நகரில் ஒரு பாப்திஸ்து ஆலயத்தில் தொடங்கிய மோர்ஹவுஸ், 1940இல் மேஸ் பொறுப்பேற்றபோது பணநெருக்கடியில் இருந்தது. கட்டண பாக்கியைக் கறாராக வசூலித்ததால் மாணவர்கள் அவருக்கு ‘பக் பென்னி’ (‘பக்’ என்பது டாலருக்கான பேச்சுவழக்குச் சொல்) என்று பட்டப்பெயர் சூட்டினர். இரண்டாம் உலகப் போர் மாணவர்களைப் படைக்கு இழுத்துச் சென்றதும் வகுப்புகள் காலியாயின. போர் முடியும்வரை கல்லூரியை மூடிவைக்கலாம் என்ற பேச்சும் எழுந்தது. மேஸ் இணங்கவில்லை. பள்ளிப் படிப்பை முடிக்காத திறமையான சிறுவர்களை நுழைவுத் தேர்வு வைத்துச் சேர்த்துக்கொண்டார். அந்த வழியில் 1944இல் உள்ளே வந்த பதினைந்து வயதுச் சிறுவன்தான் மார்ட்டின் லூதர் கிங்.

செவ்வாய்க்கிழமை காலையில் கல்லூரிச் சிற்றாலயத்தில் மேஸ் மாணவர்களிடம் பேசுவார். உங்கள் உடலைத்தான் தனி இருக்கையில் உட்காரவைக்க முடியும், மனத்தை அல்ல என்பது அந்தப் பேச்சுகளின் சாரம். இழிவுபடுத்தும் தனி வரிசையில் நின்று வாங்க வேண்டியதை வாங்காமலே இருக்கலாம் என்றும் சொல்வார். எடுத்த வேலையில் குறைந்த தரத்தோடு திருப்தி அடைவதை அவர் பொறுக்கமாட்டார். எழுத்தாளர் லெரோன் பென்னட், அட்லாண்டாவின் முதல் கறுப்பின மேயர் மேனார்டு ஜாக்சன் ஆகியோரும் அவர் காலத்தில் படித்து வெளிவந்தவர்கள்.

கிங்கும் மேஸும்

பேச்சு முடிந்ததும் கிங் எழுந்துபோகாமல் மேஸிடம் வந்து விவாதிப்பார். கல்வியும் சமூகப் போராட்டமும் போதகர் பணியோடு இசையும் என்பதை அவரிடம் கண்டே கிங் போதகராக முடிவெடுத்தார். மேஸைத் தம் ஆன்மிக வழிகாட்டி என்று பிற்காலத்தில் குறிப்பிட்டார்.

1956இல், பேருந்துகளில் இனப் பிரிவினையை எதிர்த்து மாண்ட்கமரி நகரில் கிங் தலைமையில் நடந்த புறக்கணிப்பின்போது அவர் கைதாகும் நிலை ஏற்பட்டது. அவரை அட்லாண்டாவிலேயே நிறுத்திவைக்கத் தந்தை நகரப் பெரியவர்களை வீட்டுக்கு அழைத்தார். மாண்ட்கமரிக்குத் திரும்பிப் போவேன் என்று கிங் உறுதியாகச் சொன்னபோது அவர் பக்கம் நின்று பேசியவர் மேஸ். கறுப்பினத்தவரின் உரிமைகளுக்காக நடந்த 1963 வாஷிங்டன் பேரணி மேஸின் ஆசி ஜெபத்தோடு நிறைவுற்றது.

இருவரில் யார் முதலில் இறந்தாலும் மற்றவர் இரங்கலுரை ஆற்றுவது என்று அவர்களிடையே ஓர் ஒப்பந்தம் இருந்தது. 73 வயது ஆசிரியருக்கு 39 வயது மாணவர் முந்திக்கொண்டார். 1968 ஏப்ரல் 9 அன்று, கோவேறு கழுதைகள் இழுத்த வண்டியில் மோர்ஹவுஸ் வளாகத்துக்கு வந்த கிங்கின் உடல் அருகே நின்று மேஸ் அந்த வாக்கைக் காப்பாற்றினார்.

உலகத் திருச்சபை அரங்கில்

1944இல் அமெரிக்கத் திருச்சபைகளின் கூட்டு மன்றத்துக்குத் துணைத் தலைவரானார். அப்பொறுப்பை வகித்த முதல் கறுப்பினத்தவர் அவரே. 1948இல் ஆம்ஸ்டர்டாமில் உலகத் திருச்சபைகள் மன்றம் உருவான மாநாட்டில் கலந்துகொண்டு, பின் அதன் மத்தியக் குழுவில் பணியாற்றினார். 1954இல் எவன்ஸ்டனில் கூடிய அதன் இரண்டாம் பேரவையில் இனப் பிரிவினையைப் பற்றி உரையாற்றினார். ஆதித் திருச்சபையில் நிறத்தின் பேரால் யாரையும் வாசலில் நிறுத்தியதில்லை; நவீனத் திருச்சபைதான் அதைச் செய்கிறது என்று வாதிட்டார். இனப் பிரிவினை நற்செய்திக்கு முரணானது என்று அந்தப் பேரவை அறிவித்தது.

அட்லாண்டா பள்ளிகள்

ஓய்வுக்குப் பின் 1970இல் அட்லாண்டா கல்வி வாரியத்தின் முதல் கறுப்பினத் தலைவரானார். 1981 வரை பதவியில் இருந்தார். 1973இல் பள்ளிகளின் இன ஒருங்கிணைப்புக்கு ஓர் உடன்பாடு ஏற்பட்டது. மாணவர்களைத் தொலைவிலுள்ள பள்ளிகளுக்குப் பேருந்தில் அனுப்புவதைக் குறைத்து, நிர்வாகப் பொறுப்புகளைக் கறுப்பினத்தவருக்குத் திறந்துவிட்ட உடன்பாடு அது. முழு ஒருங்கிணைப்பைக் கைவிட்டதாக அதன்மீது கடும் விமர்சனமும் வந்தது. ‘கலகக்காரனாகவே பிறந்தவன்’ என்று பொருள்படும் தலைப்பில் அவருடைய தன்வரலாறு 1971இல் வெளியானது.

மறைவும் நினைவும்

மேஸ் 1984 மார்ச் 28 அன்று தமது 89ஆம் வயதில் அட்லாண்டாவில் காலமானார். அவருடைய கல்லறையும் மனைவி சேடியின் கல்லறையும் மோர்ஹவுஸ் வளாகத்திலேயே உள்ளன. அங்கே அவருக்குச் சிலையும் உண்டு. அட்லாண்டாவில் ஓர் உயர்நிலைப் பள்ளி அவர் பெயரைத் தாங்குகிறது. அவர் பிறந்த சிறு மரவீட்டைப் பெயர்த்தெடுத்து கிரீன்வுட் நகரில் நிறுத்தி, 2011 முதல் அருங்காட்சியகமாகக் காத்துவருகிறார்கள். குதிரைகளில் வந்த கும்பலுக்கு முன் தொப்பியைக் கழற்றிக் குனிந்த ஹெசெக்கியா தம் பிள்ளைகளை வளர்த்த வீடு அது. இன்று பள்ளிப் பிள்ளைகள் அவர் மகனின் கதையைக் கேட்க அங்கே வருகிறார்கள்.