போகபூமியும் கருமபூமியும்

கற்பனை நாடுகளில் ஆண், பெண் வாழ்ந்த முறையைத் தேடினால், எங்கள் சமணப் புராணங்கள் சொல்லும் போகபூமிக்கு ஈடில்லை. அங்கே ஆணும் பெண்ணும் இரட்டையராகப் பிறப்பார்கள், அவர்களே தம்பதியர். உழவில்லை, கடையில்லை, கேட்டதைக் கற்பக மரம் கொடுத்துவிடும். அடுத்த இரட்டையர் பிறந்ததும் ஆண் ஒரு தும்மலோடும் பெண் ஒரு கொட்டாவியோடும் உயிர் விடுவார்கள். வேலையே இல்லாத இடத்தில் ஆண் வேலை, பெண் வேலை என்ற பேச்சு ஏது?

மரங்களின் பலன் குறைந்த பிறகுதான் கருமபூமி. ரிஷபதேவர் ஆறு தொழில்களைக் கற்பிக்கிறார். வாணிபமும் அதில் உண்டு. 9-ஆம் நூற்றாண்டில் ஜினசேனர் வடமொழியில் செய்த ஆதிபுராணத்தைப் பாருங்கள்: தந்தையிடம் எழுத்துக் கற்றவள் மகள் பிராமி, எண் கற்றவள் சுந்தரி. இடப்பள்ளியிலிருந்து மட்டாஞ்சேரிக்குப் போய்ப் பேரேடு எழுதுகிறவன் நான். நம்ம ஆட்கள் பெண்ணைக் கல்லாவில் உட்கார வைக்கத் தயங்குகிறார்களே, அது எந்தப் புராணத்தில் இருக்கிறதாம்?

இன்னொன்று. ஆண், பெண், நபும்சகம் என வேதம் மூன்று. வேதம் என்றால் இங்கே மறையல்ல, பால்வேட்கை. உடலின் பால் வேறு, உள்ளத்தின் பால் வேறு. கருமபூமியில் இரண்டும் சிலருக்கு மாறுபடும் என்று 10-ஆம் நூற்றாண்டு நேமிசந்திரரின் கோம்மடசாரம் வகுக்கிறது. போகபூமியில் அந்த மாறுபாடே கிடையாது, நபும்சகமும் கிடையாது. வீடுபேறும் கிடையாது! அது கருமபூமிக்கு மட்டுமே உரியது.

பெண்ணுடலோடு வீடுபேறில்லை என்பது எங்கள் திகம்பரக் கொள்கை. மல்லிநாதரையே பெண் என்பார்கள் சுவேதாம்பரர். எனக்கு அவர்கள் பக்கம்தான் மனம் சாய்கிறது. சிதறால் மலையில், விக்கிரமாதித்த வரகுணனின் 28-ஆம் ஆட்சியாண்டில், பகவதிக்குப் பொன்னணி அளித்தவர் ஒரு குரத்தியார், அதாவது பெண்துறவி. அந்தக் கல்வெட்டை அன்பர்கள் நேரில் பார்க்க வேண்டும்.