வைகறை வான்செலவும் வரலாற்றுக் காட்சியும்

வெள்ளவத்தைக் கரையில் வாழ்வோர் ஞாயிறு கடலில் மூழ்குவதை நாள்தோறும் காண்பர். அது கடலினின்றும் எழுவதை அவர் காண்பதில்லை. கொழும்பு மாநகர் மேற்குக் கடலை நோக்கியிருத்தலே இதற்குக் காரணம். கொட்டாஞ்சேனையில் வாழ்வோர்க்கும் நிலைமை இதுவே. காலைக் கதிர் அங்குக் கூரைகளுக்கு மேலாகவே முதலிற் புலப்படும். ஆதலால் ஞாயிற்றின் எழுச்சியைத் தடையின்றிக் காண விரும்பும் நகர மக்கள் உள்நாட்டை நோக்கிச் செல்லுதல் வேண்டும். முன்னாளில் அவ்வாறு சென்றோர் சிவனொளிபாத மலையில் ஏறினர். இந்நாளில் வேறொரு வழியும் உண்டு. கொழும்பிலிருந்து ஏறத்தாழ 150 கிலோமீற்றர் தொலைவிலுள்ள தம்புள்ளையை அடைந்து, அதனை அடுத்த கண்டலமைப் பகுதியில், பலூன் என வழங்கும் ஆகாயக் கூண்டில் வைகறையில் எழுந்து, பின் நிலத்தில் இறங்கி, வழிகாட்டி ஒருவருடன் சிகிரியா முதலிய பழம்பதிகளைப் பகல் முழுதும் கண்டு மீளும் பிரயாணமே அது.

இப்பிரயாணம் புதிதாயினும் இதன் இரு கூறுகளும் பழமை உடையன. வானிற் சென்று உலகைக் காணவேண்டும் என்னும் வேட்கை ஒன்று. அறிந்தோர் துணையுடன் சென்று அரியன காணும் வழக்கம் மற்றொன்று. இவை எவ்வாறு வளர்ந்து ஒன்றுகூடின என்பதையும், காண்போனுக்கு எதனைத் தருகின்றன என்பதையும் ஆராய்தல் பயனுடைத்து.

வான்செலவைப் பற்றிய எண்ணம் தமிழர்க்குப் புதியதன்று. இராமகாதையில் வரும் புட்பக விமானம் இலங்கை வேந்தனுக்கு உரியதாகவே கூறப்படுகின்றது. சீவக சிந்தாமணியிற் சச்சந்தன் தன் தேவியாகிய விசயையை மயிற்பொறியில் ஏற்றி அனுப்புகின்றான். அப்பொறி அவளைச் சுடுகாட்டிற் கொண்டுபோய் இறக்குகின்றது. புறநானூற்றுப் புலவர் ஒருவரோ, நல்வினை செய்தார் பாகன் செலுத்தாத விண்ணூர்தியில் ஏறி மேலுலகு செல்வர் என்னும் கருத்தைக் கூறுகின்றார். இவை கற்பனைகளே. எனினும் இவற்றுட் பாகன் செலுத்தாத ஊர்தி என்னும் கற்பனை, பிற்காலத்து ஆகாயக் கூண்டுக்கு மிகவும் பொருந்துவதைப் பின்னர்க் காண்போம்.

துணையுடன் சென்று காணும் வழக்கத்துக்கு ஈழ வரலாற்றிலேயே சிறந்த சான்று உண்டு. கி. பி. 1344ஆம் ஆண்டில் மொறொக்கோ நாட்டு யாத்திரிகரான இபுனு பத்தூத்தா இத்தீவின் மேற்குக் கரையை அடைந்தார். அங்கு அவரை வரவேற்றவன் யாழ்ப்பாண அரசனாகிய ஆரியச் சக்கரவர்த்தி. மலையுச்சியிலுள்ள திருவடியைக் காண்பதே தம் விருப்பம் என அவர் கூற, அரசன் அவருக்குப் பல்லக்கு ஒன்றை அளித்து, ஆண்டுதோறும் அம்மலைக்குச் சென்று பழகிய யோகியர் நால்வரையும், பிராமணர் மூவரையும், வேறு துணைவர் பதின்மரையும், உணவுப் பொருள் சுமப்போர் பதினைவரையும் உடன் அனுப்பினான் என்பது அவர் தம் பயண நூலால் அறியப்படும். வந்தவர் முசுலிம், அனுப்பியவன் சைவ வேந்தன், வழிகாட்டியோர் யோகியரும் அந்தணரும், சென்ற இடமோ பௌத்தரும் தமதெனப் போற்றும் மலை. வழியறிந்த துணைவர் இலராயின் அவ்வயலார் அம்மலையை ஒருகால் ஏறியிருப்பர். அதன் சிறப்பை அறிந்திரார். வழிகாட்டியின் பயன் யாது என்பதை இந்நிகழ்ச்சி நன்கு விளக்குகின்றது.

இபுனு பத்தூத்தாவுக்கும் பல நூற்றாண்டுகள் முன்னரே, சிகிரியாக் குன்றைக் காண மக்கள் வந்துள்ளனர். அங்குள்ள பளிங்குபோன்ற சுவரில் வந்தோர் தம் உள்ளக் கருத்துக்களைச் செய்யுளாகப் பொறித்துச் சென்றனர். கலாநிதி செனரத் பரணவிதான அவற்றுள் 685 செய்யுட்களைப் படித்து 1956இல் வெளியிட்டார். அவை பெரும்பாலும் 8ஆம் நூற்றாண்டு முதல் 10ஆம் நூற்றாண்டு வரையில் எழுந்தவை. அரச குலத்தவர், துறவியர், பொதுமக்கள், பெண்டிர் எனப் பல திறத்தாரும் எழுதியுள்ளனர். தாம் வந்ததைச் சுவரிற் பொறித்தல் இக்காலத்திற் குற்றமாகும். அக்காலத்தில் அது மொழி வரலாற்றுக்கே கருவூலமாயிற்று. சிங்கள மொழியின் பழைய நிலையை அறிய அச்செய்யுட்கள் பெரிதும் உதவுகின்றன.

இனி ஆகாயக் கூண்டின் வரலாற்றை நோக்குவோம். பிரான்சு தேசத்திற் காகிதத் தொழில் நடாத்திய குடும்பத்தினரான மொங்கொல்பியே சகோதரர் இருவர் 1783ஆம் ஆண்டு யூன் 4ஆம் நாள் அன்னோனே என்னும் ஊரில், வெப்பக் காற்று நிரப்பிய பெரும் பையொன்றைப் பலர் காண வானில் எழுப்பினர். அவ்வாண்டு செத்தெம்பர் 19ஆம் நாள் வெர்சாய் அரண்மனை முன்றிலிற் செம்மறியாடு, வாத்து, சேவல் ஆகிய மூன்றும் கூண்டில் ஏற்றி விடப்பட்டன. நவம்பர் 21ஆம் நாள் பிலாத்ர் த உரோசியே என்பாரும் தார்லாந்துப் பிரபுவும் பாரிசு நகரின் மேல் ஏறத்தாழ 25 நிமிடம் பறந்து, கட்டின்றி வானிற் சென்ற முதல் மனிதர் ஆயினர். பத்து நாட்களின் பின், திசெம்பர் 1ஆம் நாள், பௌதிக அறிஞர் சார்ல்சு என்பார் ஐதரசன் வாயு நிரப்பிய கூண்டில் துணைவர் ஒருவருடன் எழுந்தார். எனினும் முதலிற் பறந்த உரோசியேயே 1785 யூன் 15ஆம் நாள் ஆங்கிலக் கால்வாயைக் கடக்க முயன்று வீழ்ந்து மாண்டார். புகழும் இடரும் இக்கலையுடன் ஒருங்கே பிறந்தன எனலாம்.

அடுத்த நூற்றாண்டிற் கூண்டு வேடிக்கைப் பொருளாகிக் கீழைத் தேசங்களுக்கும் வந்தது. 1889இல் ஆங்கிலேயரான பேர்சிவல் இசுபென்சர் கல்கத்தாவிற் கூண்டில் எழுந்தார்; அவ்வாண்டிலேயே வங்காளியரான இராம் சந்திர சட்டர்சி தாமும் வானேறி இந்தியர்க்குப் பெருமை தேடினார். 1892 மார்ச்சு மாதத்தில் டாக்கா நகரில், நவாபின் அழைப்பில் வந்த யெனற் வான் தாசல் என்னும் பெண்மணி கூண்டில் எழுந்து, இறங்குங்கால் நேர்ந்த விபத்தினால் உயிர் துறந்தார். அக்காலத்திற் கூடியிருந்தோர் நிலத்தில் நின்று கூண்டை நோக்கினர். கூண்டில் நின்று நிலத்தை நோக்கும் பயன் பின்னரே உணரப்பட்டது. 1906ஆம் ஆண்டிற் பிலிப்பு சார்ப்பு என்னும் பிரித்தானியப் படை அதிகாரி போர்க் கூண்டொன்றிலிருந்து இசுத்தோன்கெஞ்சு என்னும் கல்வட்டத்தைப் படம் பிடித்தார். நிலத்தில் நின்றார்க்குத் தெளிவாகாத பழைய மேடுகளும் பள்ளங்களும் மேலிருந்து பார்த்தார்க்கு ஒழுங்குபடத் தோன்றின. தொல்பொருளாராய்ச்சியில் வான்படம் பெற்ற இடத்துக்கு இது தோற்றுவாய்களுள் ஒன்றாகும்.

ஆகாய விமானம் தோன்றியபின் கூண்டு மறக்கப்பட்டது. அதனை மீட்டவர் அமெரிக்கரான எட் யோசுற்று என்பார். 1960 ஒற்றோபர் 22ஆம் நாள் அவர் நெபிராசுக்கா மாநிலத்தில், புறொப்பேன் வாயுவை எரிக்கும் அடுப்புடன் கூடிய புதிய கூண்டிற் பறந்தார். வைக்கோலையும் கம்பளியையும் எரித்து வெப்பம் பெற்ற பழைய முறை ஒழிந்தது. வேண்டும்போது வெப்பத்தைக் கூட்டவும் குறைக்கவும் இயன்றது. அதன் பின்னரே சுற்றுலாவில் அதற்கு இடம் கிடைத்தது. 1970ஆம் ஆண்டுகளிற் கென்யா நாட்டு மசாய் மாராவில் விலங்குகளைக் காணவும், பின்னர்த் துருக்கியின் கப்பதோக்கியாவிலும் பர்மாவின் பகானிலும் பழம்பதிகளைக் காணவும் அது பயன்படலாயிற்று. ஈழத்தில் தம்புள்ளை, கண்டலமை, சிகிரியாப் பகுதி அதற்கேற்ற நிலமாயிற்று. இங்குப் பெரும்பாலும் நவம்பர் முதல் ஏப்பிரல் வரையிலேயே கூண்டுகள் எழுகின்றன.

வைகறையை நாடுவது காட்சியின் அழகு கருதி மட்டுமன்று. இயற்கை விதியும் அதனை வேண்டுகின்றது. ஒரு கன மீற்றர் காற்று 20 பாகை வெப்பநிலையில் ஏறத்தாழ 1.2 கிலோகிராம் நிறையுடையது. 100 பாகையில் 0.95 கிலோகிராம் அளவாகக் குறைகின்றது. இவ்விரண்டின் வேறுபாடாகிய கால் கிலோகிராமே கூண்டைத் தூக்கும் வலிமை. ஆகவே சில மனிதரைத் தூக்குதற்கும் ஆயிரக்கணக்கான கன மீற்றர் கொள்ளும் பை வேண்டும். வெளிக்காற்று எவ்வளவு குளிர்ந்துள்ளதோ அவ்வளவுக்குக் கூண்டு எளிதில் எழும். மேலும் ஞாயிறு ஏறியபின் நிலம் வெப்பமுற்று, காற்று சுழன்று மேலெழத் தொடங்கும். அப்போது கூண்டை ஆளுதல் அரிது. விடியற்காலத்திலோ காற்று அமைதியுற்றிருக்கும். அந்நிலையிலும் செலுத்துவோன் கூண்டை உயர்த்தவும் தாழ்த்தவும் வல்லனேயன்றித் திசைதிருப்ப வல்லனல்லன். வெவ்வேறு உயரங்களில் வெவ்வேறு திசையில் வீசும் காற்றை நாடி ஓரளவு வழிதேடுதலே அவன் கைத்திறன். அது எங்கு இறங்குமோ அங்குச் சென்று சேர்வதற்காக நிலத்தில் வண்டியொன்று பின்தொடர்கின்றது. புறநானூற்றுப் புலவர் எண்ணிய பாகன் செலுத்தாத ஊர்தி இதுவன்றோ! பாகன் உளன், செலுத்துவது காற்று.

இவ்வமைதியை நம்பி அசட்டையாய் இருத்தலும் தகாது. 2013 பெப்புருவரி 26ஆம் நாள் எகிப்தின் இலக்சர் நகரில், இதுபோன்ற வைகறைச் செலவின் முடிவிற் கூண்டு தீப்பற்றி வீழ்ந்து, ஏறியிருந்த இருபத்தொருவருட் பத்தொன்பதின்மர் மாண்டனர். பழம்பதிகளின் மேற் பறப்பதற்கு அனுமதி வழங்கும் எந்நாடும் இதனை மறத்தலாகாது.

கண்டலமையில் எழுந்த கூண்டிலிருந்து காண்போனுக்கு முதலிற் புலப்படுவன காடும் நீரும் பாறையுமாம். சமவெளியினின்றும் ஏறத்தாழ 180 மீற்றர் உயர்ந்து நிற்கும் சிகிரியாக் குன்று கண்ணைக் கவரும். ஒரு மணி நேர அளவிற் செலவு முடியும். படம் பிடிப்போர் குன்றையே பிடிப்பர். கூண்டினின்றும் இறங்கியபின்னும் வழிகாட்டி அவரைக் குன்றுக்கே அழைத்துச் செல்வான். காசியப்பன் தந்தையைக் கொன்று அரசு கவர்ந்ததும், தம்பி முகலனுக்கு அஞ்சிக் குன்றின்மேல் அரண்மனை எடுத்ததும், 495ஆம் ஆண்டளவிற் போரில் தோற்றுத் தன்னைத் தானே மாய்த்ததும் அங்குக் கூறப்படும். 1831இல் போர்பசு என்னும் ஆங்கிலப் படைத் தலைவர் அவ்விடத்தைக் கண்டு உலகறியச் செய்ததும், அந்நூற்றாண்டின் இறுதியில் தொல்பொருள் ஆணையாளர் பெல் அதனை அகழ்ந்ததும் கூறப்படும். கதை இவ்வளவில் நின்றுவிடின் வரலாற்றின் ஒரு பாதியே கூறப்பட்டதாகும்.

கொல்லப்பட்ட தந்தை தாதுசேனன். பாண்டி நாட்டிலிருந்து வந்து அனுராதபுரத்தில் ஆண்ட தமிழரசரை வென்று அரசேற்றவன் அவன். தமிழ் மாணாக்கர்க்கு அவன் பகைவனாகத் தோன்றல் கூடும். எனினும் அவன் செய்த பணி பகைமையைக் கடந்தது. கலாவாவி என்னும் பெருங்குளத்தை அவன் கட்டினான். அதிலிருந்து அனுராதபுரத்துக்கு நீர் கொண்டுசெல்லும் கால்வாய் ஏறத்தாழ 87 கிலோமீற்றர் நீளமுடையது; அதன் முதற் பதினேழு மைலில் மைல் ஒன்றுக்கு ஆறு அங்குலமே சரிவு. மறைத்துவைத்த செல்வத்தைக் காட்டு எனக் காசியப்பன் வருத்தியபோது, தாதுசேனன் கலாவாவிக் கரைக்குச் சென்று நீரைக் கையால் அள்ளி, தனக்குள்ள செல்வம் இதுவே என்றான் எனச் சூளவமிசம் கூறுகின்றது. மகன் கட்டிய மாளிகை பதினெட்டு ஆண்டளவில் காட்டுக்கு இரையாகும் நிலையை அடைந்தது. தந்தை கட்டிய குளம் பதினைந்து நூற்றாண்டு கழிந்தும் வயலுக்கு நீர் தருகின்றது.

கூண்டின் சிறப்பு இங்கேதான் விளங்குகின்றது. நிலத்தில் நின்றார்க்குக் குன்றே பெரிது. குளம் மரங்களின் பின்னே மறைந்து கிடக்கும். வானில் நின்றார்க்கோ குன்று ஒரு புள்ளி. நீர்ப்பரப்பும் அதனைச் சூழ்ந்த பசிய வயலுமே நாடெங்கும் பரந்த உண்மை. வறண்ட வலயத்து அரசுகள் எதனால் வாழ்ந்தன என்பதை ஒரு நோக்கில் உணர்த்த இதனினும் சிறந்த இடம் இல்லை. ஆயினும் அந்நீர்ப்பரப்பு இயற்கை ஏரியன்று, மனிதன் கட்டிய அணை என்பதைக் கண் தானே அறியாது. அதனை அறிந்த ஒருவன் அருகிருந்து உரைத்தல் வேண்டும்.

பகற்பொழுதிற் பொலன்னறுவைக்குச் செல்வோர்க்கும் இஃது பொருந்தும். அங்குப் பராக்கிரமபாகுவின் சமுத்திரத்தைக் காட்டாத வழிகாட்டி இல்லை. 993ஆம் ஆண்டளவில் இராசராச சோழன் படை வட இலங்கையைக் கைப்பற்றியபின் சோழர் இராசதானியாக விளங்கிய அந்நகரில், வானவன் மாதேவி ஈச்சரம் எனப் பெயரிய கருங்கற் சிவாலயம் இன்றும் நிற்கின்றது. அங்குக் கிடைத்த வெண்கலத் திருவுருவங்கள் கொழும்பு நூதனசாலையிலே உள்ளன. காரைக்கால் அம்மையார் வடிவமும் அவற்றுள் ஒன்று. தளதா மாளிகையைக் காக்கும் பொறுப்பைத் தமிழ் வேளைக்காரப் படையினர் ஏற்றுக்கொண்டதைக் கூறும் தமிழ்க் கல்வெட்டும் அந்நகரிலேயே உண்டு. இவற்றைக் காட்டாது விடுதலும் காட்டுதலும் வழிகாட்டியின் கையில் உள்ளன. ஒரு சாராரின் பெருமையை மட்டும் உரைப்பவன், தமிழனாயினும் சிங்களவனாயினும், வந்தோனை ஏமாற்றுகின்றான்.

இபுனு பத்தூத்தாவுடன் சென்ற யோகியர் தமக்குத் தெரிந்த வழியை அயலானுக்குக் காட்டினர். அவர் அதனை எழுதிவைத்தமையால் ஆறு நூற்றாண்டுகளுக்குப் பின்னும் நாம் அறிகின்றோம். இன்று வைகறையில் வானேறி மீளும் பிற நாட்டார் ஒவ்வொருவரும் தம் நாட்டுக்கு ஒரு கதையைக் கொண்டு செல்கின்றனர். அக்கதை குன்றின் கதையாக மட்டும் இருக்குமோ, குளத்தையும் கோயிலையும் கல்வெட்டையும் உள்ளடக்கியதாக இருக்குமோ என்பது அவர்க்கு வழிகாட்டுவோரின் கல்வியைப் பொறுத்தது. இந்நாட்டு வரலாற்றைக் கற்கும் மாணாக்கர்க்கு இதிற் பெரும் பொறுப்பு உண்டு. கொழும்பிற் பிறந்து பொலன்னறுவையைக் காணாதிருப்போர் பலர். வானேறும் வாய்ப்பு எல்லார்க்கும் எய்தாது. ஆயினும் கலாவாவி அணையின்மேல் நடந்து ஒரு கைந்நீர் அள்ளிப் பார்த்தல் எவர்க்கும் இயலும்.