தார் வீதிக்கு மேல் கொங்கிரீட்: போடுமுன் பார்க்க வேண்டியவை

கற்பிட்டியின் உள்வீதிகளில் முச்சக்கரவண்டியில் போகும்போது சாரதிகள் என்னிடம் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "இந்தப் பழைய தாருக்கு மேலேயே கொங்கிரீட்டைப் போட்டால் என்ன?" 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டு வந்தோரின் குடியிருப்புகளிலும் இதையே கேட்டேன்.

போடலாம். 1991இல் அமெரிக்காவின் லூயிவில் அருகே, குப்பை லொறிகள் ஓடும் வீதியில் 50, 90 மில்லிமீற்றர் தடிப்பில் கொங்கிரீட் இட்டுச் சோதித்தார்கள். இந்தியன் ரோட் காங்கிரஸின் வழிகாட்டியில் மூன்று வகை உண்டு: 50 முதல் 100 மில்லிமீற்றர் வரை மிக மெல்லியது, 100 முதல் 200 வரை மெல்லியது, அதற்கு மேல் வழமையானது.

மெல்லிய கொங்கிரீட் தனியே சுமை தாங்காது. கீழுள்ள தாருடன் ஒட்டி, இரண்டும் ஒரே பாளமாக வேலை செய்ய வேண்டும். அதற்காகத்தான் தாரின் மேற்பரப்பைச் சுரண்டித் துப்புரவாக்குகிறார்கள். சுரண்டிய பின்னரும் ஏறக்குறைய 75 மில்லிமீற்றர், அதாவது மூன்று அங்குலம், உறுதியான தார்ப்படை மிஞ்ச வேண்டும்.

உள்வீதிகள் பலவற்றில் இருப்பது தார் ஊற்றிக் கல் பரப்பிய மெல்லிய படை. உடைந்த குழியின் ஓரத்தில் அடிமட்டம் வைத்தால் நீங்களே அளக்கலாம். கறுப்புப் படை ஓர் அங்குலம்தான் என்றால், அதைப் புதுக் கொங்கிரீட் வீதியாகவே கணக்கிட்டு, அடித்தளத்தையும் தடிப்பையும் தீர்மானிக்க வேண்டும். முதலைத்தோல் போன்ற வெடிப்பு பெரும்பாலும் அடித்தளம் தளர்ந்ததன் அடையாளம். அங்கே முதலில் தோண்டித் திருத்த வேண்டும்.

கற்பிட்டிக்கு இன்னும் மூன்று விடயங்கள் முக்கியம்.

வடிகால்: நான்கு அங்குலம் கொங்கிரீட் போட்டால் வீதியும் ஏறக்குறைய அவ்வளவு உயரும். வளவு தாழ்வாக இருந்தால் மழைநீர் வாசலுக்குள் வரும். கானும் சேர்ந்தே திட்டமிடப்பட வேண்டும்.

தண்ணீர்: கலவைக்கும், போட்ட பின் பல நாட்கள் ஈரமாக வைத்திருப்பதற்கும் நல்ல தண்ணீர் வேண்டும். உப்புத் தண்ணீரோ கழுவாத கடல் மணலோ சேர்ந்தால் உள்ளிருக்கும் இரும்பு துருப்பிடிக்கும்.

குழாய்: குடிநீர்க் குழாய் பதிக்க வேண்டியிருந்தால் முதலில் அதை முடிக்க வேண்டும். பிறகு வெட்டி ஒட்டிய இடத்திலிருந்தே கொங்கிரீட் பழுதடையத் தொடங்கலாம்.

கொங்கிரீட் வெயிலில் இளகாது, லொறிச் சில்லுத் தடம் பதியாது. ஆனால் பிழையாகப் போட்டதைத் தார்போல இலேசாகத் திருத்த முடியாது. ஆகவே வேலை தொடங்குமுன் பிரதேச சபையிடம் கேளுங்கள்: எத்தனை அங்குலம், கீழே என்ன, தண்ணீர் எங்கே போகும்?