அவதான அரங்கில் மறைப்பும் வெளிப்பாடும்

பூதப்பாண்டியைத் தமிழுலகம் ஜீவாவின் ஊராக அறியும். ப. ஜீவானந்தம் இங்கே பிறந்தது 1907 ஆகஸ்ட் 21-இல். அதே ஆண்டு மார்ச் 10-ஆம் நாள், நாஞ்சில் நாட்டின் மற்றொரு மைந்தர் சென்னை விக்டோரியா நகர மண்டபத்தில் அறிஞர்கள் நிறைந்த அவையின்முன் சதாவதானம் நிகழ்த்தினார். நாகர்கோவிலிலிருந்து சுசீந்திரம் செல்லும் வழியிலுள்ள இடலாக்குடியில் 1874-இல் பிறந்த செய்குத்தம்பிப் பாவலரே அவர். இடலாக்குடியில் அவர் பெயர் தாங்கிய பள்ளி உண்டு. 2008-இல் இந்திய அஞ்சல்துறை அவருக்குத் தபால்தலை வெளியிட்டது. ஆயினும் அவரைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் அவருடைய நினைவாற்றலை வியப்பதோடு நின்றுவிடுகின்றனர். அவதானத்தை நினைவின் வித்தையாக மட்டும் காண்பது போதாது என்பது நம் கருத்து.

அவதானம் என்பது கவனம். எட்டு, பத்து, பதினாறு, நூறு என ஒரே நேரத்தில் கவனிக்கப்படும் பொருள்களின் தொகைக்கேற்ப அதன் பெயர் மாறும். முதுகில் விழும் கற்களை எண்ணுதல், இடையிடையே ஒலிக்கும் மணியை எண்ணுதல், நாளைச் சொன்னால் கிழமை கூறுதல், கணக்குக்கு விடை தருதல், கொடுத்த ஈற்றடிக்கு வெண்பா முடித்தல் முதலியன தமிழ் அவதானத்தில் வழங்கிய உறுப்புகள். இவற்றைக் கூர்ந்து நோக்கினால் ஓர் உண்மை புலப்படும். ஒவ்வொரு வினவுநரும் எதையோ ஒளித்து வைத்திருக்கிறார். மணி எப்போது ஒலிக்கும் என்பதை அடிப்பவர் மட்டுமே அறிவார். ஈற்றடியில் புதைந்துள்ள இடர்ப்பாட்டை அதை அமைத்தவர் மட்டுமே அறிவார். அவதானியோ, அரைகுறையாய் நிற்கும் பாடல்களையும் எண்ணிக்கைகளையும் தம் உள்ளத்தே மறைத்து வைத்திருந்து இறுதியில் அவைக்கு அளிக்கிறார். பலர் ஒருவரிடமிருந்தும் ஒருவர் பலரிடமிருந்தும் மறைத்தாடும் ஆட்டம் இது.

தெலுங்கு நாட்டில் இந்த மறைப்பு மேலும் நுட்பமாக வளர்ந்தது. திருப்பதி வேங்கட கவிகள் என்னும் இரட்டையர் அங்கே இக்கலையைப் பெரும்புகழ் பெறச் செய்தனர். அங்கு வினவுநரைப் பிருச்சகர் என்பர். வியஸ்தாக்ஷரியில் பிருச்சகர் ஒரு தொடரை மனத்தில் கொண்டு, அதன் எழுத்துகளை வரிசை குலைத்து, இத்தனையாவது எழுத்து இது என்று அவ்வப்போது ஒன்றாகத் தருவார். அவதானி அவற்றைச் சேர்த்துத் தொடரைக் கண்டறிய வேண்டும். நிஷித்தாக்ஷரியில் நிலைமை தலைகீழ். அவதானி ஓர் எழுத்தைச் சொன்னதும், அவர் எந்தச் சொல்லை நோக்கிச் செல்கிறார் என்பதை ஊகித்து, அடுத்த எழுத்தைப் பிருச்சகர் தடைசெய்வார். இங்கே மறைபொருள் அவதானியின் எண்ணம். அதைத் துப்பறிபவர் பிருச்சகர். இத்தனைக்கும் நடுவே வேண்டாத பேச்சுப் பேசிக் கவனத்தைக் கலைப்பதற்கென்றே ஒருவர் அமர்ந்திருப்பார். பாடல்கள் சுற்றுக்கு ஓரடியாக வளர்ந்து, முடிவில் தாரணை என்னும் பகுதியில் முழுமையாக ஒப்பிக்கப்படும்.

மேலை நாட்டில் 1974-இல், பாவலர் பிறந்து சரியாக நூறாண்டு கழித்து, 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்னும் விளையாட்டு வெளிவந்தது. மேசையைச் சுற்றி அமர்ந்தோர் ஆளுக்கொரு பாத்திரமேற்று ஆடும் கதை விளையாட்டு அது. ஆட்டத்தை நடத்துபவர் ஓர் அட்டைத் தடுப்பின் பின்னே வரைபடத்தையும் பகைவரின் வலிமையையும் மறைத்து வைத்திருப்பார். பகடையைக்கூட அங்கேயே உருட்டுவதுண்டு. விழுந்த எண்ணை ஆட்டத்தின் சுவை கருதி அவர் மாற்றிச் சொல்லலாமா என்பது அவ்வாட்டக்காரரிடையே இன்றும் தீராத வழக்கு. அவதான அரங்கில் இவ்வழக்கு எழுவதற்கு இடம் குறைவு. மணியோசையை அவை முழுதும் கேட்கிறது. எண்ண விரும்புவோர் எண்ணலாம். வெண்பா தளை தட்டினால் யாப்பறிந்தோர் அங்கேயே கண்டுகொள்வர். கதையாட்டத்தில் நடத்துபவரின் நேர்மையை நம்ப வேண்டியிருக்கிறது. அவதானத்திலோ அவையின் கல்வியே காவல்.

எனினும் மறைப்பு எப்போதும் களங்கமற்றதாய் இருப்பதில்லை. பாவலரைப் பற்றி நாஞ்சில் நாட்டில் வழங்கும் செய்தி ஒன்று இதற்குச் சான்று. இராமன் துருக்கனுக்குத் துணை என்னும் பொருள்படும் ஈற்றடி ஒன்றை ஒருவர் அவருக்குக் கொடுத்தாராம். இசுலாமியப் புலவர் ஒருவரிடம் இதைக் கேட்பதன் உள்நோக்கம் வெளிப்படை. பாடினால் சமயம் இடறும். மறுத்தால் அவதானம் தோற்கும். பாவலர் முன்வரும் சொல்லோடு அதைப் புணர்த்தித் துருக்கனைச் சத்துருக்கன் ஆக்கினார்; இராமன் தம்பிக்குத் துணையானான். வினவியவர் வைத்த பொறியை அவர் விலக்கவில்லை. அதே எழுத்துகளுக்குள் வினவியவரே அறியாத இன்னொரு சொல்லைக் கண்டெடுத்தார். நினைவாற்றல் மட்டும் இதைச் செய்யாது. இராமகாதைப் பயிற்சியும் புணர்ச்சி இலக்கணமும், எல்லாவற்றுக்கும் மேலாகச் சினங்கொள்ளாத உள்ளமும் வேண்டும். சீறாப்புராணத்துக்கு உரை கண்ட அவரே வள்ளலாரின் பாடல்கள் அருட்பாவே என வாதிட்டு நின்றவர் என்பதையும் இங்கே சேர்த்து எண்ணுதல் தகும்.

1950-இல் பாவலர் மறைந்தார். இன்று கவனகம் என்னும் தமிழ்ப் பெயரால் இக்கலையைச் சிலர் போற்றி வருகின்றனர். அவர்களுடைய உழைப்பு பாராட்டுக்குரியது. ஆனால் அரிதாகிவிட்டது கவனகர் மட்டுமன்று. நூறு வினாக்களை நேர்மையாக ஒளித்து வைத்து, விடை சரியா தவறா என உடனே அறியவல்ல நூறு பேர் கூடிய அவையும் அரிதாகிவிட்டது. 1907-இல் அந்த மண்டபத்தில் அமர்ந்து வினவியோரை நாம் நினைப்பதில்லை. அவர்கள் இன்றிப் பாவலர் சதாவதானி ஆகியிருக்க முடியாது.

கல்லூரித் தமிழ்த்துறைகள் ஆண்டுக்கொருமுறை சிறிய அளவில் ஓர் அட்டாவதானம் நடத்திப் பார்க்கலாம். அவதானிக்கு விழாவெடுப்பதைவிட எட்டு மாணவரை வினவுநராகப் பயிற்றுவதே அதன் நோக்கமாக இருக்கட்டும். ஒரு நல்ல ஈற்றடியை அமைக்க முயலும் மாணவர் யாப்பையும் புணர்ச்சியையும் தாமே தேடிப் படிப்பார்.