அழுகண்ணியின் பெயர் வரலாறு

நைதரசன் குறைந்த ஈர மணலில் முளைத்துச் சிறு பூச்சிகளைப் பற்றி உண்ணும் பூண்டு அழுகண்ணி. இலை மயிர்களின் நுனிதோறும் பசைத்துளி கண்ணீர்போல நிற்றலின் தமிழர் இப்பெயர் இட்டனர். சிங்களத்தார் வழங்கும் ‘கந்துளெஸ்ஸ’ என்பதும் கண்ணீர்க்கண் என்றே பொருள்படும். இரு மொழியாரும் ஒன்றையே கண்டு வியந்தனர் போலும்! எனினும், உவர்நிலத்தில் வளரும் வேறொரு பூண்டையும் அழுகண்ணி என்பாருளர். பெயர் அழகியதாயினும் பொருளை வரையறுக்கப் போதாமை இதனாற் பெறப்படும்.

வரையறுத்த வரலாறு நம் நாட்டிலேயே தொடங்குகின்றது. ஒல்லாந்தக் கம்பனியின் வைத்தியராய் 1672 ஆம் ஆண்டில் இலங்கைக்கு வந்த போல் ஹெர்மன் இங்குள்ள செடிகளை உலர்த்திச் சேர்த்தார். யொகானெசு பர்மன் 1737 இல் இலங்கைத் தாவரங்களைப் பற்றி நூலொன்று வெளியிட்டார். ஹெர்மனின் தொகுதி பின்னர் சுவீடன் நாட்டு லின்னேயசின் கைக்கு எட்டியது. இலங்கையைக் கண்டிராத அவர், அதனைக்கொண்டே 1747 இல் ‘புளோரா சைலானிக்கா’வை இயற்றினார். 1753 இல் அழுகண்ணிக்குத் ‘துரொசெரா இண்டிக்கா’ எனப் பெயரிட்டார். நிலத்தோடு வட்டமாய்ப் படிந்து வளரும் மற்றோர் இனத்துக்கு 1794 இல் வால் என்பார் பர்மனின் பெயரைச் சூட்டித் ‘துரொசெரா பர்மன்னி’ என்றார்.

லின்னேயசு கேசரங்களையும் தம்பங்களையும் எண்ணி வகுத்தவர். ஐந்து கேசரமும் ஐந்து தம்பமும் உடைய பூக்களின் கூட்டத்தில் துரொசெராவை வைத்தார். பர்மன்னிக்கு இது பொருந்தும். இண்டிக்காவுக்கோ தம்பங்கள் மூன்றே. ஒவ்வொன்றும் அடிவரை பிளந்து ஆறெனத் தோன்றும். எண்ணிக்கை மாத்திரம் உறவைக் காட்டாது என்பது தெளிவு. பிற்காலத்தில் பெந்தாமும் ஹூக்கரும் இக்குடும்பத்தை ரோசாவின் பக்கத்தில் நிறுத்தினர். இக்காலத்து மரபணு ஆய்வு, முளைக்கீரை அடங்கிய வருணத்தில் இதனைச் சேர்க்கின்றது.

மாற்றம் இத்துடன் நின்றதன்று. ஒரே இனமென நெடுங்காலம் எண்ணப்பட்ட இண்டிக்காவை 2013 ஆம் ஆண்டளவில் அவுத்திரேலிய ஆய்வாளர் பல இனங்களாகப் பிரித்தனர். அவற்றுள் பழைய பெயர் எதற்கு உரியது? முதல் விவரணத்துக்கு ஆதாரமான இலங்கைச் செடியை ஒத்ததற்கே உரியது. வகுப்பு முறைகள் பல மாறியும், தாளில் ஒட்டிய செடியின் சாட்சியம் மாறவில்லை.

அச்செடித் தொகுதி இன்று இலண்டன் இயற்கை வரலாற்று அரும்பொருட்சாலையில் இருக்கின்றது. செடி வளரும் மண்ணோ நம்முடையது. ஆதலின் வன்னி மாணவர், மாரி கழிந்தபின் குளக்கரைகளிலும் ஈர மணலிலும் காணும் சிறு பூண்டுகளைப் பிடுங்காது வரைந்து, தம்பங்களை எண்ணி, இடமும் நாளும் குறித்து வைப்பாராக. ஒரு நிலம் மூடப்பட்டபின் அங்கு வாழ்ந்தவற்றைக் கூறவல்லது அக்குறிப்பு ஒன்றேயாம்.