வட்டி இல்லாமல் எழும்பின வீடுகள்

நம்ம சங்கத்தில் கடன் விண்ணப்பம் எழுதும்போது "காரணம்" என்ற இடத்தில் கறவை மாடு, பிள்ளை படிப்பு, ஆஸ்பத்திரி செலவு, பழைய கடன் என்றுதான் எழுதுகிறோம். வீடு கட்ட என்று எழுத நமக்கே பயம். தொகை பெரிசு, வட்டி அதைவிடப் பெரிசு. ஆனால் வட்டியே வாங்காமல் ஏழைக் குடும்பங்களுக்கு வீட்டுக் கடன் கொடுத்த ஒரு தர்ம ஸ்தாபனம் இருக்கிறது. ஹேபிடட் ஃபார் ஹியூமானிட்டி என்று பெயர். அது நம்ம சங்கம் மாதிரியே சுழல் நிதியில்தான் ஆரம்பித்தது, அதனால்தான் இந்த வரலாற்றை எழுதுகிறேன்.

அமெரிக்காவில் மில்லர்ட் ஃபுல்லர் என்று ஒரு வக்கீல். முப்பது வயசுக்குள்ளேயே லட்சாதிபதி இல்லை, கோடீஸ்வரர். காசு சேரச் சேர வீட்டில் நிம்மதி போய்விட்டது. மனைவி லிண்டா கோபித்துக்கொண்டு பிரிந்து போனார். 1965-ல் இரண்டு பேரும் மறுபடி ஒன்று சேர்ந்தபோது, இந்தப் பணம்தான் நம்மைப் பிரித்தது என்று சொத்தையெல்லாம் விற்றுத் தானம் கொடுத்துவிட்டார்கள். (நம்ம ஊரில் இப்படிச் செய்தால் பைத்தியம் என்பார்கள். அங்கேயும் சொல்லித்தான் இருப்பார்கள்.)

அதற்குப் பிறகு ஜார்ஜியா மாநிலத்தில் கொய்னோனியா என்ற பண்ணைக்குப் போனார்கள். கிளாரன்ஸ் ஜோர்டன் என்ற போதகர் 1942-ல் ஆரம்பித்த பண்ணை அது. வெள்ளைக்காரரும் கறுப்பினத்தாரும் அங்கே ஒன்றாக வேலை செய்து ஒரே மேஜையில் சாப்பிட்டார்கள். அந்தக் காலத்தில் அங்கே அது பெரிய குற்றம். துப்பாக்கியால் சுட்டார்கள், கடைக்காரர்கள் சாமான் தரமாட்டேன் என்றார்கள். ஊர்த் தெரு ஒரு பக்கம், காலனி ஒரு பக்கம் என்று பார்த்து வளர்ந்த நமக்கு இதை விளக்கிச் சொல்லத் தேவையில்லை.

பண்ணையைச் சுற்றி இருந்த கறுப்பினக் குடும்பங்கள் ஓட்டைக் குடிசைகளில் கிடந்தன. எந்த பேங்க்கும் அவர்களுக்குக் கடன் தராது. 1968-ல் ஜோர்டனும் ஃபுல்லரும் ஒரு பொது நிதி வைத்தார்கள். அதிலிருந்து வீடு கட்டிக் கொடுப்பது, லாபம் வைக்கக் கூடாது, வட்டி கிடையாது. குடும்பம் மாசாமாசம் சின்னத் தவணையாகப் பல வருஷம் கட்டும். கட்டின பணம் மறுபடி நிதிக்குள் போய் அடுத்த குடும்பத்தின் வீடாக எழும்பும். இன்னொரு நிபந்தனையும் உண்டு: வீடு பெறுகிறவர்களும் மண் சுமந்து, சுவர் எழுப்பி உழைக்க வேண்டும். முதல் வீடு முடியும் முன்பே, 1969-ல் ஜோர்டன் இறந்துபோனார். ஃபுல்லர் ஆப்பிரிக்காவில் ஜயர் நாட்டிலும் இதே முறையைச் செய்து பார்த்துவிட்டு, 1976-ல் ஹேபிடட்டைத் தொடங்கினார்.

வட்டி வேண்டாம் என்றது பைபிளை வைத்து. ஏழைக்குக் கொடுத்த கடனுக்கு வட்டி வாங்காதே என்று யாத்திராகமத்தில் இருக்கிறது. குர்ஆனிலும் வட்டி விலக்கப்பட்டது. ஜமாஅத்துகளில் பைத்துல்மால் என்று பொது நிதி வைத்து வட்டியில்லாக் கடன் கொடுப்பதை ஆம்பூர், வாணியம்பாடி அக்காமார்கள் அறிவீர்கள். வட்டி இல்லை என்றால் எவ்வளவு வித்தியாசம் என்று கணக்குப் போட்டுப் பாருங்க. 1 லட்சம் ரூபாய், நூத்துக்கு ரெண்டு ரூபாய் வட்டி. மாசம் 2,000 வட்டி மட்டும் கட்டிக்கொண்டே வந்தால் 5 வருஷத்தில் 1,20,000 போயிருக்கும், அசல் அப்படியே நிற்கும். வட்டி இல்லாமல் என்றால் மாசம் 1,667 ரூபாய் போதும், அதே 5 வருஷத்தில் கடனே முடிந்துவிடும். குறைவாகக் கட்டுகிறவளுக்குக் கடன் தீருது, கூடக் கட்டுகிறவளுக்குத் தீரலை. வாரக் குழுவில் மாட்டினவர்களுக்கு இது நன்றாகப் புரியும்.

நாமும் உள்கடனுக்கு வட்டி வாங்குகிறோமே என்று கேட்கலாம். வாங்குகிறோம், ஆனால் அது நம்ம பெட்டிக்குள்ளேயே தங்குகிறது. ஹேபிடட்டுக்கு வெளியிலிருந்து நன்கொடை வந்தது, நமக்கு நம்ம சந்தாதான்.

இந்தியாவுக்கு இந்த வேலை 1983-ல் ஆந்திராவின் கம்மம் ஊரில் வந்தது. நம்ம பக்கத்து தர்மபுரியில் 1989-ல் மகளிர் குழுக்கள் தொடங்குவதற்கு ஆறு வருஷம் முன்பு. 2004 சுனாமிக்குப் பிறகு தமிழ்நாட்டுக் கடற்கரையிலும் வீடு கட்டினார்கள். 2006-ல் அமெரிக்க முன்னாள் ஜனாதிபதி ஜிம்மி கார்ட்டரும் அவர் மனைவியும் மகாராஷ்டிராவில் லோனாவாலா பக்கம் வந்து, தொண்டர்களோடு 100 வீடு கட்டும் வேலையில் தாங்களும் கை வைத்தார்கள். எண்பதை ஒட்டின வயசு அப்போது. இலங்கையில் போருக்குப் பிறகு இந்திய அரசு கொடுத்த வீட்டுத் திட்டத்திலும் ஹேபிடட் வேலை செய்தது. அங்கே குடும்பத்தின் கணக்கிலேயே தவணை தவணையாகப் பணம் போட்டு, அவர்களே கட்டிக்கொண்டார்கள். கான்ட்ராக்டர் கட்டித் தருவதைவிட இது நல்ல முறை என்பது என் எண்ணம். சிமெண்ட் எவ்வளவு போட்டான் என்று வீட்டுக்காரிதான் நின்று பார்ப்பாள்.

இதற்கெல்லாம் முதலில் மனை வேண்டும். அதுதான் நம்மில் பலருக்கு முட்டுகிற இடம். இங்கே நம்ம தமிழ்நாட்டு அம்மா ஒருவரைச் சொல்ல வேண்டும், கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதன். 1926-ல் ஏழைத் தலித் குடும்பத்தில் பிறந்து, காந்தி வழியிலும் வள்ளலார் பக்தியிலும் வந்தவர். 1968 டிசம்பர் 25-ல் கீழ்வெண்மணியில் ஒரு குடிசைக்குள் 44 பேர் எரிந்து செத்தார்கள். அதற்குப் பிறகு அவரும் கணவர் ஜெகந்நாதனும் தஞ்சாவூர்ப் பக்கமே போய்த் தங்கினார்கள். 1981-ல் லாஃப்டி என்ற அமைப்பைத் தொடங்கி, நிலச்சுவான்தார்களோடு பேசி, பேங்க் கடன் வாங்கி, நிலமில்லாத குடும்பங்களுக்கு ஆளுக்கு ஒரு ஏக்கர் என்று ஏறக்குறைய 13,000 குடும்பங்களுக்கு வாங்கிக் கொடுத்தார்கள். நிலத்தைப் பதிவு செய்தது பெண்கள் பேரில். ஆம்பிளை பேரில் எழுதினால் குடிக்கும் அடமானத்துக்கும் போய்விடும், பொம்பளை பேரில் இருந்தால் அடுப்புக்கு மேலே கூரை நிற்கும். அதன் பிறகு மண் குடிசைகளைக் கல் வீடாக்கும் வேலையையும் அவர் எடுத்தார். 2008-ல் வாழ்வுரிமை விருது, 2020-ல் பத்மபூஷண் அவருக்குக் கிடைத்தது.

நம்ம பக்கம் வீடு என்றால் படுக்க மட்டும் இல்லை. ஷூ கம்பெனியிலிருந்து அப்பர் கட்டு வாங்கி வந்து வீட்டு வாசலில் உட்கார்ந்து தைக்கிறோம். கூரை ஒழுகினால் தோலும் நனையுது, அன்றைய கூலியும் போகுது. வெளிச்சம் இல்லாத வீட்டில் ஊசி கோக்கக்கூட முடியாது. வீடுதான் நமக்குப் பட்டறை.

இப்போது கலைஞர் கனவு இல்லம் திட்டத்தில் 3.50 லட்சம் ரூபாயில் 360 சதுர அடி வீடு என்று அரசு கொடுக்கிறது. இது கடன் இல்லை, மானியம். ஆனால் கேட்டதும் முதலில் பார்ப்பது பட்டா. மாமனார் காலத்துக் கூட்டுப் பட்டா, புறம்போக்கு, ஏரிக்கரை என்று இருக்கிறவர்கள் நம்ம கூட்டமைப்பிலேயே உண்டு. அடுத்த மாதக் கூட்டத்துக்கு வரும்போது அவரவர் பட்டா நகலை எடுத்துட்டு வாங்க. யார் பேரில் இருக்கிறது, யாருக்குத் தனிப் பட்டா இல்லை, யாருக்குப் பட்டாவே இல்லை என்று ஒரு நோட்டில் எழுதி வைத்தால், ஜமாபந்தி சமயத்தில் ஒரே மனுவாகத் தாலுகா ஆபீசில் கொடுக்கலாம்.