ஹென்றி ஜேம்ஸின் பேய்க்கதையும் அதைப் படித்தோரும்

1898-ஆம் ஆண்டு ஜனவரிக் கடைசியில் தொடங்கி ஏப்ரல் நடுப்பகுதி வரை ‘காலியர்ஸ் வீக்லி’ என்னும் அமெரிக்க வாரப் பத்திரிகையில் தொடராக வந்து, அவ்வாண்டு அக்டோபரிலேயே ‘தி டூ மேஜிக்ஸ்’ என்ற நூலில் வேறொரு கதையோடு சேர்ந்து புத்தக உருப்பெற்ற ஹென்றி ஜேம்ஸின் ‘தி டர்ன் ஆஃப் தி ஸ்க்ரூ’ என்ற குறுநாவலைப் பற்றி எழுதப்பட்டவை, அக்குறுநாவலின் பருமனைப் பன்மடங்கு தாண்டிவிட்டன. அந்த எழுத்துக்களில் பெரும்பகுதி ஒரே வழக்கைச் சுற்றியது: கதையில் வரும் பேய்கள் மெய்யாகவே வந்தனவா, அன்றி அவற்றைக் கண்டதாகச் சொல்லும் ஆசிரியையின் சித்தப் பிரமையா? இவ்வழக்கு கதையின் உயிர்நாடியன்று. கதை தமக்குள் எழுப்பிய கூச்சத்திலிருந்து தப்பப் படித்தவர்கள் மழைக்கு ஒதுங்கிய திண்ணையே அது என்பதும், பாமர ஆவேசம் என்று பிற்கால விமர்சகர்கள் தள்ளிவைத்த தொடக்ககால வாசகர்களின் அருவருப்பே கதையின் இயல்பை உள்ளவாறு உணர்ந்தது என்பதும் என் கட்சி.

கதையின் பேய்களை விட்டு, அவை வருவதற்கு முன் நிகழும் ஒரு சிறு சம்பவத்தை முதலில் கவனிக்க வேண்டும். எஸ்ஸெக்ஸ் பகுதியிலுள்ள பிளை என்னும் கிராமத்து மாளிகையில் பெற்றோரை இழந்த மைல்ஸ், ஃபுளோரா என்ற இரு குழந்தைகள். அவர்களுடைய பொறுப்பைச் சம்பளத்துக்கு ஓர் இளம் ஆசிரியையிடம் ஒப்படைத்து, எந்தக் காரியத்துக்கும் தன்னைத் தொந்தரவு செய்யலாகாது என்று நிபந்தனை விதித்துவிட்ட பெரியப்பா லண்டனில். மைல்ஸின் பள்ளித் தலைமையாசிரியர் எழுதிய கடிதத்தை அந்தப் பெரியப்பா உறையைக்கூடப் பிரிக்காமல் ஆசிரியைக்கு அனுப்பிவிடுகிறார். அவள் அதை வாசித்துவிட்டு, வீட்டுக் காரியங்களை மேற்பார்க்கும் திருமதி குரோஸிடம் நீட்டுகிறாள். அவளோ கையைப் பின்னால் மறைத்துக்கொள்கிறாள், ஏனெனில் அவளுக்கு எழுத்து வாசனை இல்லை. பையனை இனிப் பள்ளியில் வைத்துக்கொள்ள இயலாது என்பதற்கு மேல் அக்கடிதத்தில் காரணம் எதுவும் இல்லை. ஆயினும், அவன் மற்றப் பிள்ளைகளுக்குத் தீங்கானவன் என்பதே அதன் பொருளாக முடியும் என்று ஆசிரியை தானே தீர்மானித்துவிடுகிறாள். பீட்டர் குவின்ட் என்னும் இறந்த பணியாளின் உருவம் கோபுரத்தின் மேல் தோன்றுவது இதற்கு அப்புறந்தான். படிக்க விரும்பாதவன் ஒருவன், படிக்கத் தெரியாதவள் ஒருத்தி, இல்லாததைப் படித்தவள் ஒருத்தி என மூவர் கையில் பட்ட அந்தக் கடிதத்தில், இக்கதைக்குப் பின்னால் வாய்க்கவிருந்த வாசகர் கூட்டம் முழுவதையும் ஜேம்ஸ் முன்கூட்டியே அடக்கிவிட்டார் என்று சொன்னால் மிகையாகாது.

இப்போது 1899 ஜனவரியில் நியூயார்க்கிலிருந்து வந்த ‘தி இண்டிபென்டென்ட்’ என்ற பத்திரிகையின் மதிப்புரையைப் பார்க்கலாம். எந்த இலக்கியத்திலும் தான் படித்தவற்றுள் மீட்சியே இல்லாத தீமை நிறைந்த கதை இது என்று வைத அந்த மதிப்புரையாளர், வசவோடு நில்லாமல் வேறொன்றும் சொன்னார்: இதைப் படித்து முடித்தவனுக்கு, குழந்தைகளின் களங்கமற்ற உள்ளம் கெடுக்கப்படும் பாதகத்தில், கையாலாகாமல் பக்கத்தில் நின்ற அளவிலேனும், தானும் துணைபோய்விட்டதாகத் தோன்றுகிறது என்பது அவர் முறையீடு. இதனை விக்டோரியா காலத்து ஆசாரப் பற்றின் கூக்குரல் என்று ஒதுக்குவது எளிது. ஆனால் குவின்டும், அவனோடு தகாத உறவு வைத்திருந்த முன்னாள் ஆசிரியை மிஸ் ஜெஸ்ஸலும் குழந்தைகளுக்கு என்னதான் செய்தார்கள் என்பதைக் கதை எங்கும் சொல்லவில்லை. கடைசி அத்தியாயத்தில் மைல்ஸ் வாயிலிருந்து வருவதெல்லாம், தனக்குப் பிடித்த சில பையன்களிடம் ஏதோ சில சொன்னேன் என்ற அளவே. சொன்னது இன்னதென்று தெரியுமுன் அவன் ஆசிரியையின் அணைப்பில் உயிர் விடுகிறான். ஆகவே மதிப்புரையாளர் கண்டு அருவருத்த பாதகம் அச்சிட்ட பக்கங்களில் இல்லை. அவர் தம் மனத்திலிருந்து எடுத்து நிரப்பியது. தாம் நிரப்பினோம் என்பதை அவர் தெளிவாக அறியவில்லையாயினும், உடந்தையாகிவிட்டோம் என்பதை மட்டும் அவரது உணர்ச்சி பிசகாமல் பிடித்துக்கொண்டது. என் அபிப்பிராயத்தில் இக்கதைக்கு வாய்த்த விமர்சன வாக்கியங்களில் இதுவே தலையாயது. அதை எழுதியவர் கதையை வெறுத்தார் என்பது வேறு விஷயம்.

ஜேம்ஸ் இதனை நன்கறிந்தே செய்தார். 1908-இல் தம் நூற்றொகுதிக்கு எழுதிய முன்னுரையில், தீமையை விவரித்தால் அது சிறுத்துப் போகும், வாசகனையே தீமையை நினைக்கும்படி செய்துவிட்டால் விவரிக்கும் வேலையே ஆசிரியனுக்கு இல்லை என்ற கருத்தை அவர் வெளிப்படையாகவே கூறினார். ஆபாசமாக விஸ்தரித்து எழுதினார் என்று தம்மைக் கண்டித்தவர்களுக்கு அவர் அளித்த விடையும், தாம் வைத்ததெல்லாம் வெற்றிடங்களே என்பதுதான். நமது தொல்காப்பியம் அச்சம் பிறக்கும் நிலைக்களன்களாக அணங்கு, விலங்கு, கள்வர், இறை என நான்கைச் சொல்கிறது. நான்கும் அஞ்சுவோனுக்கு வெளியே நிற்பவை. ஜேம்ஸின் கதையை அணங்கில் அடக்கிவிடலாம் என்று முதற்பார்வையில் தோன்றும். ஆனால் இங்கே அணங்கு ஒரு நிமித்தம் மட்டுமே. அச்சத்தைவிட இளிவரலே மேலோங்குகிறது, அதுவும் படிப்பவன் தன்னைக் குறித்தே கொள்ளும் இளிவரல்.

இத்தகைய ஒன்றை மனிதர் நெடுநாள் தாங்கிக்கொண்டிருக்க மாட்டார்கள். 1924-இல் எட்னா கென்டன் என்ற எழுத்தாளர், குழந்தைகளைப் பேய்கள் துரத்தவில்லை, ஆசிரியையின் கலங்கிய மனமே துரத்துகிறது என்று வாதித்தார். 1934-இல் எட்மண்ட் வில்சன் ஃபிராய்டின் மனோதத்துவத்தைத் துணைக்கொண்டு, எஜமானன்பால் கொண்ட நிறைவேறாத இச்சையே அவளுக்கு உருவங்களைக் காட்டுகிறது என்று அதனை விரித்தார். 1947-இல் ராபர்ட் ஹெய்ல்மன் எழுந்து, பேய்களையும் ஆசிரியையின் நேர்மையையும் காப்பாற்றினார். ஹெய்ல்மன் கட்சிக்கு வலுவானதொரு சாட்சியம் உண்டு: சிவந்த மயிர், தலையில் தொப்பியில்லை என்று ஆசிரியை வருணித்த மாத்திரத்தில், அது குவின்ட் என்று திருமதி குரோஸ் இனங்காண்கிறாளே, அவனைக் கண்டிராதவள் எப்படி வருணித்தாள்? ஊருக்குள் விசாரித்து அறிந்திருக்கலாம் என்று 1957-இல் ஜான் சில்வர் அதற்கும் ஒரு வழி சொன்னார். இவ்விதம் நீதிமன்றத்தில் போல வாதமும் எதிர்வாதமும் நடந்தன.

வில்சன் கட்சியின் கூர்மையை நான் மறுக்கவில்லை. பேய்களை ஆசிரியையன்றி வேறெவரும் கண்டதாக உறுதிப்படவில்லை என்பது கதையை ஊன்றிப் படிப்போர் எவரும் ஒப்ப வேண்டிய உண்மை. ஆனால் இரு கட்சிகளும் சாதிக்கும் பயன் ஒன்றே. தீமை பேய்களிடம் என்றாலும் சரி, ஆசிரியையிடம் என்றாலும் சரி, அது ஒரு விலாசம் பெற்றுவிடுகிறது. பெற்றவுடன் வாசகன் சாட்சிக் கூண்டிலிருந்து இறங்கி நீதிபதியின் ஆசனத்தில் ஏறிக்கொள்கிறான். காரணம் எழுதப்படாத கடிதத்துக்குக் காரணம் கண்டுபிடித்த ஆசிரியையின் காரியத்தையே இவர்களும் செய்கிறார்கள். 1977-இல் ஷோஷனா ஃபெல்மன், ஆசிரியையைக் குற்றவாளியாகக் காட்ட முயலும் விமர்சகன் அவளுடைய செயலையே திரும்பச் செய்கிறான் என்பதை மிகுந்த நுட்பத்தோடு நிறுவினார். அதை வாசிப்பு என்னும் செயலின் பொது நியதியாக்கிவிட்டதில்தான் நான் அவரோடு வேறுபடுகிறேன். எந்த வெற்றிடத்தையும் நிரப்புவது வேறு. குழந்தைகளின் பெயரால் திறந்துவைத்த வெற்றிடத்தை, இன்னின்னது நடந்திருக்கும் என்று கற்பித்து நிரப்புவது வேறு. பின்னதில்தான் ‘இண்டிபென்டென்ட்’ மதிப்புரையாளரைச் சுட்ட வெட்கம் பிறக்கிறது.

தம் வாசிப்பு எங்கிருந்து வந்தது என்பதை ஒளிக்காமல் சொன்ன ஒருவர் இந்த நீண்ட வழக்கில் உண்டு. ஸ்வார்த்மோர் கல்லூரியில் ஆங்கிலம் போதித்த ஹரால்ட் காடர்ட், வில்சனுக்கு முன்பே, ஏறக்குறைய 1920 அளவில், ஆசிரியையின் சித்தம் பேதலித்தது என்ற முடிவுக்கு வந்து ஒரு கட்டுரை எழுதினார். பேராசிரியர்கள் வழக்கமாக மறைத்துவைக்கும் ஒன்றை அவர் அதில் வெளியிட்டார்: தம் சிறுபிராயத்தில் வீட்டில் வேலைக்கிருந்த ஒரு பெண், தன்னிடம் வந்துபோகும் உருவங்களைப் பற்றிக் குழந்தைகளுக்குக் கதை சொல்லி வந்தாள் என்றும், பின்னர் அவளுக்குப் புத்தி பிறழ்ந்தது தெரியவந்தது என்றும், அந்த அனுபவமே தம்மை இவ்வாறு படிக்கவைத்திருக்கலாம் என்றும். அவர் முடிவை நான் ஏற்கவில்லை. எனினும், கதையில் காண்பது எது, தன்னிடமிருந்து கொண்டுவந்தது எது என்று பிரித்துக் காட்ட முற்பட்ட பேராசிரியர் என்ற பெருமை அவருக்கு உரியது. அக்கட்டுரையை மாணவர்களுக்கு வாசித்துக் காட்டியதன்றி அவர் அச்சுக்குக் கொடுக்கவில்லை. 1950-இல் அவர் காலமான பிறகு, லியோன் எடலின் முயற்சியால் 1957-இல்தான் அது ஓர் ஆராய்ச்சிப் பத்திரிகையில் வெளிவந்தது; அதற்குள் இரு கட்சிகளும் தத்தம் சாட்சியங்களை அடுக்கி முடித்திருந்தன.